கஸ்டம் பைக்கை நம்பி வாங்கலாமா? ஸ்பேனர் பிடித்தவனின் பதில்

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவருக்கு, முன்பக்கத்தை நீட்டிச் சாய்த்துக் கட்டுகிற சாப்பர் ரக பைக் மேல் ரொம்ப நாள் ஆசை, இப்போது கையில் இரண்டு வாய்ப்பு. ஒன்று, 2006ல் வந்த பிக் டாக் கம்பெனியின் கே-9, செகண்ட் ஹேண்ட், அதிகம் ஓடாதது. இன்னொன்று, வருடத்துக்கு ஏழெட்டு வண்டி மட்டும் கட்டுகிற ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்வது. டிவியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வண்டியெல்லாம் நடு ரோட்டில் நிற்காமல் ஓடுமா, எந்தக் கம்பெனி வண்டி நம்பகமானது என்கிறார்.

இந்த மாதிரி வண்டிகளைப் பிரித்துப் பூட்டியே பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. அதை வைத்துச் சொல்கிறேன், கம்பெனி பெயரைக் கேட்டால் உங்களுக்கு உருப்படியான பதில் கிடைக்காது. டேங்கில் எழுதியிருக்கிற பெயர் ஒருவருடையது, உள்ளே இருக்கிற சாமான் இருபது பேருடையது. எஞ்சின் ஓரிடம், கியர்பாக்ஸ் ஓரிடம், முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் ஓரிடம், சக்கரம் இன்னோரிடம். பில்டர், அதாவது வண்டியைக் கட்டுகிறவர், தன் கையால் செய்வது பெரும்பாலும் ஃபிரேம், டேங்க், மட்கார்டு, பெயின்ட், அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற வேலை. வண்டி நிற்பதும் அநேகமாக அந்தச் சேர்க்கிற இடத்தில்தான்.

எஞ்சினைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் பெரும்பாலும் வீண். அமெரிக்க சாப்பர்களில் கணிசமானவற்றில் இருப்பது எஸ் அண்ட் எஸ் சைக்கிள் கம்பெனியின் எஞ்சின். 1958ல் ஹார்லி-டேவிட்சன் பைக்காரர்களுக்கு வேகம் கூட்டும் பாகங்கள் செய்து விற்க ஆரம்பித்த கம்பெனி, விஸ்கான்சின் மாநிலத்தில் வயோலா என்கிற சின்ன ஊரில் இருக்கிறது. ஹார்லியின் அதே 45 டிகிரி வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்) அமைப்புதான், அளவு மட்டும் பெரிது. ஹார்லியின் பழைய எவல்யூஷன் எஞ்சின் 1340 சிசி என்றால் இவர்களுடைய 124 கன அங்குல எஞ்சின் 2032 சிசி. ஒரே எஞ்சினை நூற்றுக்கணக்கான பில்டர்கள் வாங்கி ஆயிரக்கணக்கான வண்டிகளில் பூட்டியிருப்பதால் அதன் கோளாறுகள் எல்லாருக்கும் தெரியும், சாமானும் கிடைக்கும், கையேடும் இருக்கும். எஞ்சினே உடைந்து என்னிடம் வந்த கஸ்டம் வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நல்ல எஞ்சின் இருந்தும் ஓடாமல் தள்ளிக்கொண்டு வந்தவைக்குக் கணக்கே இல்லை.

காரணம் எளிது. பெரிய கம்பெனி ஒரு மாடலைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் பல மாதிரி வண்டிகளை வெயிலிலும் குளிரிலும் மழையிலும் ஓட்டி, உடைத்து, எங்கே விரிசல் விடுகிறது, எந்த ஒயர் தேய்கிறது என்று பார்த்துத் திருத்துகிறது. பத்து வண்டி கட்டுகிறவருக்கு அதற்கு வழியே இல்லை, அதுவும் பத்தும் பத்து விதமாக இருந்தால். அங்கே சோதனை ஓட்டக்காரர் வேறு யாருமில்லை, காசு கொடுத்து வாங்கிய நீங்கள்தான். ஒரு பட்டறை ஒரே மாதிரி வண்டியை முப்பதாவது தடவை கட்டுகிறது என்றால் முதல் இருபத்தொன்பது பேர் பட்ட அவதி உங்களுக்கு லாபம். "உலகிலேயே இப்படி ஒன்றுதான்" என்று பெருமையாகச் சொன்னால், சரி, சந்தோஷம், ஆனால் அதற்கு அர்த்தம் இதுவரை யாரும் இதை ஓட்டிப் பார்க்கவில்லை என்பதும்தான்.

இதில் இன்னொரு பொறி உண்டு. வாங்கிப் பூட்டுகிற வரைக்கும் நன்றாக இருந்துவிட்டு, "இனி நம் சொந்த எஞ்சின்" என்று கிளம்பிய கம்பெனிகளின் கதை. இத்தாலியில் ரிமினியில் இருக்கிற பிமோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பியாங்கி, மோர்ரி, தம்புரினி என்று மூன்று பேரின் பெயரிலிருந்து வந்த பெயர். 1970களில் ஹோண்டா, சுஸுகி, கவாஸாகி எஞ்சின்களை வாங்கித் தாங்களே செய்த அருமையான ஃபிரேமில் வைத்துத்தான் பேர் வாங்கினார்கள். 1997ல் சொந்தமாக 500 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அதிலும் நேரடி எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வைத்து வி-டியூ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்ஜெக்‌ஷன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விற்ற வண்டிகளைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று, கொஞ்ச காலத்தில் கம்பெனியே திவாலானது. அப்புறம் அதே எஞ்சினைக் கார்புரேட்டர் போட்டு ஓட வைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

கலிஃபோர்னியாவில் கில்ராய் ஊரில் 1999ல் மறுபடி தொடங்கிய 'இந்தியன்' என்கிற பழைய அமெரிக்க பைக் கம்பெனிக்கும் ஏறக்குறைய இதே கதை. முதல் வண்டிகளில் எஸ் அண்ட் எஸ் எஞ்சின் இருந்தது. கஸ்டம் சாமானை அடுக்கிக் கட்டியது என்று கேலி செய்தார்கள், ஆனால் ஓடியது. 2002ல் சொந்த பவர்பிளஸ் 100 எஞ்சின் வந்தது, அதன் வடிவத்தை வைத்து 'பாட்டில் மூடி' என்று பட்டப்பெயர் பெற்றது, நல்ல பெயர் பெறவில்லை. 2003 செப்டம்பரில் கதவைச் சாத்தினார்கள். பின்னால் போலாரிஸ் வாங்கிச் செய்த இந்தியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, சேர்க்கிற இடத்தில் கோளாறு என்றேனே, அது எங்கெங்கே வரும் என்று பார்ப்போம். முதலில் அதிர்வு. 45 டிகிரி வி-ட்வினில் இரண்டு பிஸ்டனும் ஒரே கிராங்க் பின்னில் தொங்குகின்றன, அதன் இயல்பே உதறல். ஹார்லி தன் பெரிய டூரிங் வண்டிகளில் எஞ்சினை ரப்பரில் உட்கார வைத்தது, 2000ல் சாஃப்டெயில் மாடலுக்கு எஞ்சினுக்குள்ளேயே அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் வைத்தது. சாப்பர்காரர்கள் பெரும்பாலும் பேலன்சர் இல்லாத எஞ்சினை நேராக ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள், பார்க்க ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த உதறல் முழுவதும் ஃபிரேமுக்கும் டேங்குக்கும் லைட்டுக்கும் போகும். டேங்கைப் பிடிக்கிற காதுகளின் வெல்டிங்கில் விரிசல், மட்கார்டு பிராக்கெட் முறிவு, சைலன்சர் தாங்கி இல்லாமல் எஞ்சின் வாயிலேயே தொங்குவதால் பைப் வெடிப்பு, எல்லாம் இதன் பிள்ளைகள்.

எவல்யூஷன் அமைப்பில் எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனி, எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகிற செயினையோ பெல்ட்டையோ மூடுகிற பிரைமரி கேஸ்தான் இரண்டையும் இணைக்கிறது. ஃபிரேமை வெல்டிங் செய்யும்போது சூட்டில் அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அது இயற்கை. நல்ல பில்டர் எஞ்சினை வைத்து, எஞ்சினின் நாலு காலும் சமமாக உட்காருகிறதா என்று பார்த்து, உட்காராத இடத்தில் மெல்லிய தகடு வைத்து, அதன் பிறகு பிரைமரியை வைத்து நேர் பார்த்துத்தான் கியர்பாக்ஸை இறுக்குவார். அவசரக்காரர் நாலு போல்ட்டையும் பிடித்து முறுக்கிவிடுவார். இரண்டு வண்டியும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டாவதில் உள் பிரைமரியின் பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரில் போகும், கொஞ்ச நாளில் பெல்ட்டோ செயினோ ஒரு பக்கமாகத் தேயும், துரதிர்ஷ்டம் இருந்தால் கிராங்க் கேஸின் காலே விரிசல் விடும். அப்போது வண்டிக்காரர் சொல்வது, "எஸ் அண்ட் எஸ் எஞ்சின் மோசம் சார்".

அடுத்து வயரிங். என்னைக் கேட்டால் நம்பகத்தன்மையில் பாதி இங்கேதான் இருக்கிறது. சாப்பரில் ஒயர் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது ஒரு வெறி. ஹேண்டில்பார் குழாய்க்குள்ளே, ஃபிரேம் குழாய்க்குள்ளே, டேங்க் சுரங்கத்துக்குள்ளே என்று விட்டுவிடுவார்கள். ஒருமுறை ஒரு வண்டி மூன்று மெக்கானிக்கைத் தாண்டி என்னிடம் வந்தது. கட்டியவர் பெயர் வேண்டாம், ஆள் நல்ல கலைஞர். நேராகப் போனால் ஒன்றும் இல்லை, இடது பக்கம் நன்றாகத் திருப்பினால் மட்டும் வண்டி செத்துவிடும், நிமிர்த்தினால் உயிர் வரும். முன்னால் பார்த்தவர்கள் காயில் மாற்றி, இக்னிஷன் மாட்யூல் மாற்றி, கார்புரேட்டர் வரைக்கும் கழற்றியிருந்தார்கள். ஸ்டியரிங் கழுத்துப் பக்கம் ஃபிரேமில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்ட இடத்தில் ரப்பர் வளையம் போடவில்லை, அவ்வளவுதான். ஓட்டையின் கூர்மையான விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவியிருக்கிறது. ஒரு சின்ன ரப்பர் துண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று, ஏனென்றால் வயரிங் படம் யாரிடமும் இல்லை, எல்லா ஒயரும் கறுப்பு நிறம்.

எல்லா ஒயரும் கறுப்பு. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அழகுக்காகவாம்.

எர்த் இன்னொரு தலைவலி. ஃபிரேம் முழுக்க பவுடர் கோட்டிங் அடித்துவிட்டு அதன் மேலேயே எர்த் ஒயரைப் பூட்டினால் மின்சாரம் எதன் வழியாகப் போகும்? போல்ட்டின் மரை வழியாக ஏதோ ஒப்பேற்றிக்கொண்டு போகும், அதிர்வில் விட்டு விட்டு வரும். அந்தக் கோட்டிங் இறுக்கத்தையும் கெடுக்கும். தடித்த பூச்சின் மேல் போல்ட்டை இறுக்கினால் நாளடைவில் பூச்சு நசுங்கி இறுக்கம் தளரும், சரியான டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்கிய போல்ட்டும் ஆடும். அதனால்தான் மவுண்ட் முகங்களில் கோட்டிங்கைச் சுரண்டி எடுக்கச் சொல்வது. குரோமும் அப்படித்தான். உறுதி அதிகமான எஃகு போல்ட்டுகளுக்கும் ஆக்ஸிலுக்கும் குரோம் பூசும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். பூசியதும் ஏறக்குறைய 200 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால்தான் அது வெளியேறும். மின்னட்டும் என்று பிரேக் காலிபர் போல்ட்டை எங்கேயோ கொடுத்துக் குரோம் போட்டு வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. முறிகிற அன்றைக்கு முன்னறிவிப்பே இருக்காது.

முன் ஃபோர்க்கின் சாய்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதைப் பலர் ஸ்டைல் விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள். முன் சக்கரம் தரையைத் தொடுகிற புள்ளிக்கும், ஸ்டியரிங் அச்சை நீட்டினால் தரையைத் தொடுகிற புள்ளிக்கும் உள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள். பொதுவாக 100 முதல் 150 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வண்டி நேராகவும் போகும், திருப்பவும் செய்யும். ஃபிரேமின் கழுத்தைச் சாய்த்து ஃபோர்க்கை நீட்டினால் டிரெயில் ஏறிக்கொண்டே போகும், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாகத் தொப்பென்று விழும். அதைக் குறைக்கத்தான் ஃபோர்க்கைப் பிடிக்கிற டிரிப்பிள் ட்ரீயிலேயே சில டிகிரி சாய்வு வைத்துச் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சாய்ந்த ட்ரீயை, கழுத்து சாய்க்காத சாதாரண வண்டியில் லுக்குக்காகப் போட்டால் டிரெயில் ஆபத்தான அளவுக்குக் குறைந்து வேகத்தில் ஹேண்டில் உதற ஆரம்பிக்கும். கட்டியவரிடம் "டிரெயில் எவ்வளவு" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எண்ணைச் சொன்னால் நல்ல ஆள். "அதெல்லாம் ஓட்டினால் பழகிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அகலமான பின் டயரும் இப்படித்தான். அகலம் 250, 300 மில்லிமீட்டர் என்று போகும்போது பெல்ட்டுக்கு இடமிருக்காது, அதனால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இடது பக்கம் தள்ளுவார்கள், இல்லாவிட்டால் பின் சக்கரத்தை வலது பக்கத்திலிருந்து இழுக்கிற தனி கியர்பாக்ஸ் போடுவார்கள். இரண்டாவது வழி செலவு அதிகம், ஆனால் எடை நடுவில் இருக்கும். 200க்குள் டயர் போட்டால் இந்த வம்பே இல்லை.

பெரிய எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர் ஒரு சோதனை. 2000 சிசி, கம்ப்ரஷன் அதிகம், இரண்டே சிலிண்டர். காலையில் குளிர்ந்த எஞ்சின் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஒரு மணி நேரம் ஓட்டி, பெட்ரோல் போட நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் ஸ்டார்ட்டர் முனகும். ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடுகிற கம்ப்ரஷன் ரிலீஸ் வால்வு வைத்திருந்தால் பிரச்சினை குறையும். பல சாப்பர்களில் டிசைனுக்காகப் பேட்டரியைச் சின்னதாகப் போட்டு, பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரைக் காற்றுப் படாத மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள். அப்புறம் ரெகுலேட்டர் வெந்து போகிறது என்று கம்பெனியைத் திட்டுவது.

இப்போது கம்பெனிகள். டிவியில் பிரபலமான ஆரஞ்ச் கவுண்டி சாப்பர்ஸ், வெஸ்ட் கோஸ்ட் சாப்பர்ஸ் மாதிரி இடங்கள் ஒன்றொன்றாகக் கட்டியவை. நிகழ்ச்சிக்காகச் செய்த தீம் வண்டிகளை ஓட்டுவதற்கான வண்டிகளாகவே நினைக்க வேண்டாம், அவை ஓடக்கூடிய சிற்பங்கள். பிக் டாக், அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ், டைட்டன் போன்றவை வேறு ரகம். மாடல் பெயர், வாரண்டி, டீலர் என்று தொழிற்சாலை மாதிரியே ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். அதனால் ஒரே தவறு ஒரே இடத்தில் வரும், தீர்வும் தெரியும். இவை செத்தது வண்டி மோசம் என்பதால் மட்டுமல்ல. டைட்டன் 2001ல் திவாலானது. மற்றவர்களுக்கு 2008 நெருக்கடியில் வீட்டின் மேல் கடன் வாங்கி சாப்பர் வாங்குகிற கூட்டம் ஒரே வருடத்தில் காணாமல் போனது. அயர்ன்ஹார்ஸ் 2008ல் விழுந்தது, கான்சாஸில் விச்சிட்டாவில் இருந்த பிக் டாக் 2011 வரை தாக்குப்பிடித்தது.

கம்பெனி செத்தால் என்ன ஆகும் என்பதுதான் வாங்குகிறவர் கேட்க வேண்டியது. எஞ்சின், கிளட்ச், பிரேக் சாமான் எல்லாம் கேட்டலாக்கில் கிடைக்கும். கிடைக்காதவை அந்தக் கம்பெனி தனக்கென்று செய்தவை: டேங்க், சைடு கவர், சில சமயம் மீட்டர், எல்லாவற்றையும் விட எலக்ட்ரானிக் பெட்டி. பிக் டாக் 2005 வாக்கில் லைட், ஹாரன், இண்டிகேட்டர், இக்னிஷன் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக விட்டது. அது போனால் வண்டி ஊமை. பழுது பார்க்கிறவர்களும், அதைத் தூக்கிவிட்டுச் சாதாரண ஃபியூஸ் பெட்டியும் ரிலேவும் வைத்து வயரிங்கை மாற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது ஒரு பெரிய வேலை, விலை பேசும்போது கணக்கில் வையுங்கள்.

சட்டமும் கொஞ்சம் உள்ளே வருகிறது. அமெரிக்காவில் 2006ல் நடைமுறைக்கு வந்த புகை விதிகளின்படி, தனி நபர் தன் சொந்த உபயோகத்துக்குக் கட்டுகிற கிட் வண்டிக்கு (பாகங்களாக வாங்கிப் பூட்டுவது) வாழ்நாளில் ஒரு தடவை விலக்கு உண்டு. சிறு பில்டர் வருடத்துக்கு 24 வண்டி வரை விலக்கில் விற்கலாம், ஆனால் அவை காட்சிக்கு, கண்காட்சிக்குப் போய் வருவதற்கு மட்டும். அதாவது சில வண்டிகள் காகிதத்திலேயே தினம் ஓட்டுவதற்கானவை அல்ல. ஆவணத்தில் கம்பெனி பெயர் இருக்கிறதா, "தனிக் கட்டுமானம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள், இன்ஷூரன்ஸும் மறுவிற்பனையும் அதைப் பொறுத்தது.

எல்லா கஸ்டமும் சாப்பர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் ஃப்ரிட்ஸ் எக்லி 1960களின் கடைசியில் பழைய பிரிட்டிஷ் வின்சென்ட் பைக்கின் எஞ்சினுக்குச் செய்த ஃபிரேம், இங்கிலாந்தில் ஹாரிஸ் செய்த ஃபிரேம்கள் எல்லாம் மூல வண்டியை விட நன்றாக ஓடுவதற்காகப் பிறந்தவை. நடிகர் கியானு ரீவ்ஸும் பில்டர் கார்ட் ஹோலிஞ்சரும் 2011ல் தொடங்கிய ஆர்ச் கம்பெனியும் அந்த வழிதான். எஸ் அண்ட் எஸ் 124 எஞ்சினை எடுத்து, ஒரே மாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டித் திருத்தினார்கள். பழைய ஜப்பான் வண்டியை கஃபே ரேசராக்குகிறவர்கள், அதாவது பழைய பாணி ரேஸ் பைக் மாதிரி மாற்றுகிறவர்கள், தனி ரகம். காற்று வடிகட்டிப் பெட்டியான ஏர்பாக்ஸைத் தூக்கிவிட்டுத் தனி ஃபில்டர் போடுவார்கள், வாக்யூம் பிஸ்டன் உள்ள கார்புரேட்டருக்கு அது பிடிக்காது, நடு வேகத்தில் இருமிக்கொண்டே இருக்கும். நன்றாக ஓடிய வண்டியைக் காசு கொடுத்துக் கெடுப்பது.

உங்கள் இரண்டு வாய்ப்புக்கு வருகிறேன். சின்னப் பட்டறைக்குப் போனால் புது வண்டியைப் பார்க்காதீர்கள், அவர்கள் மூன்று வருடத்துக்கு முன் கட்டிய வண்டியைக் காட்டச் சொல்லுங்கள், அதன் சொந்தக்காரரிடம் பேசுங்கள். பில்டர் தினம் எதில் வருகிறார் என்று பாருங்கள், தான் கட்டிய வண்டியில் வருகிறவர் என்றால் பாதி சந்தேகம் தீர்ந்தது. வயரிங் படமும், எந்தப் பாகம் யாருடையது, எந்த எண் என்கிற பட்டியலும் எழுத்தில் கொடுப்பாரா என்று கேளுங்கள். முதல் 800 கிலோமீட்டரில் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கித் தருவதைத் தானாகவே சொல்கிறவர் அனுபவசாலி.

அந்தப் பட்டறை இதிலெல்லாம் தேறினால் புதியதே நல்லது, டயரை 200க்குள்ளும் சாய்வை மிதமாகவும் வைத்துக்கொண்டால். தேறாவிட்டால் கே-9. அதில் 117 கன அங்குல எஸ் அண்ட் எஸ் எஞ்சின், பயப்பட ஒன்றுமில்லை. அதிகம் ஓடாதது என்கிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பல வருடம் நின்ற வண்டியில் டேங்கின் உள்பூச்சு உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கும், சீல்கள் காய்ந்திருக்கும், டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கச் சுவரில் தேதியைப் படித்துவிட்டு மாற்றுங்கள். இரண்டில் எதை வாங்கினாலும் வேலைக்குப் போக வேறொரு சாதாரண வண்டி வீட்டில் இருக்கட்டும்.

கே-9ஐப் பார்க்கப் போகும்போது விற்கிறவரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்கட்டும். ஸ்டார்ட் செய்து, குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டி, எல்லா லைட்டும் ஹாரனும் வேலை செய்கிறதா என்று பார்த்து, அணைத்துவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டு மறுபடி பட்டனை அழுத்துங்கள். அப்புறம் சீட்டைக் கழற்றித் தரச் சொல்லி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சீட்டைக் கழற்ற மாட்டேன் என்றால் வண்டி வேண்டாம்.